லொரெட்டாவின் குசினிச் சுவர்

கல்யாண வீடுகளில் நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் சிலர் தங்கள் தட்டைக் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். அது வேடிக்கைக்குத்தான் என்று என் மனைவி சுகந்தி சொல்வாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. கிளென் வேவர்லியில், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் ஓர் அன்ரி என்னைத் தன் சம்பந்திக்கு அறிமுகப்படுத்தியது இப்படி:

"இவர்தான் சிவபாலன். என்ர அம்மா கொண்டுவந்த கறிவேப்பிலையைக் குப்பைக்க போட்டவர். மற்றும்படி நல்ல மனுசன்."

மெல்பேர்ன் விமான நிலையத்திலும், பிறகு சரக்குக் கிடங்குகளிலும் குவாரண்டீன் அதிகாரியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்த வேலைக்குப் பெயர் பயோசெக்யூரிட்டி. பெயர் நீண்டிருக்கிறதே தவிர வேலை அதேதான். வெளிநாட்டிலிருந்து வருகிற பொருளோடு பூச்சியோ, விதையோ, மண்ணோ, நோயோ கூட வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் தடுக்க வேண்டும். தடுத்த பிறகு அந்தப் பொருளின் சொந்தக்காரரைக் கோயிலில் சந்திக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

சென்ற மாதம் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். பொயிண்ட் குக்கில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை. என் கடைசி வருடங்களில் எங்கள் பிரிவில் சேர்ந்தவள்.

"அங்கிள், புது ஸ்கேனர் வந்திருக்கு. பெட்டியைத் திறக்கவே வேணாம், உள்ள மாம்பழம் இருந்தா அதுவே வட்டம் போட்டுக் காட்டிடுது. இப்போ புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு செஷன் வைக்கிறோம். அந்த மண்சுவர் கேஸை நீங்க வந்து சொல்றீங்களா? பத்து நிமிஷம் போதும்."

நான் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். இரண்டு பேர் தூங்கினார்கள். மிச்சப் பேருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் விவசாயப் பட்டம் பெற்று, இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் சிலகாலம் பிஸ்கட் பெட்டி அடுக்கி, பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். பயிற்சியில் பூச்சிகளின் லத்தீன் பெயர்களைப் பாடமாக்கினோம். எங்களோடு அதே பருவத்தில் மோப்ப நாய்களுக்கும் பயிற்சி நடந்தது. அதில் ஒரு பீகிள் நாய் முதல் தடவையிலேயே தேறியது. நான் இரண்டாம் தடவைதான் தேறினேன். அந்த நாய் என்னைக் கண்டால் வாலாட்டும். அதை நான் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் எனக்கு வேலை பழக்கியது ஜோய்ஸ். எங்கள் மேற்பார்வையாளர். மாநிலத்தின் வடமேற்கில் வறண்ட கோதுமைப் பூமியில் பிறந்து வளர்ந்த பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் சாண்ட்விச்சைக் கீழே வைப்பார். அவ்வளவுதான். ஜோய்ஸ் பேசியது சுத்தமான ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடங்களில் அது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது. மற்றவர்களின் ஆங்கிலத்தையும் சேர்த்து அப்படியே எழுதுகிறேன். அவர் என்னை மன்னிப்பார்.

"சிவா, மூண்டு கேள்விதான். இது என்ன? எங்கை இருந்து வந்தது? இதோட ஆர் ஆர் வந்திருக்கினம்?"

மூன்றாவது கேள்வியில்தான் எங்கள் உத்தியோகமே இருந்தது. அதற்கு ஜோய்ஸ் வைத்திருந்த முறை மிக எளிது. வெள்ளைத் தட்டு ஒன்றை வைப்பார். பொருளை அதன் மேல் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவார். தூசி விழும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். நான் உடனே உருப்பெருக்கியைத் தூக்குவேன். அவர் என் கையைப் பிடித்து இறக்குவார்.

"பொறும். உயிர் இருக்கிறதுகள் ஆள் நிக்குது எண்டு தெரிஞ்சால் செத்த மாதிரிக் கிடக்கும். நாங்கள் போயிட்டம் எண்டு நினைச்சால் நடக்கும். தூசி நடந்தால் அது தூசியில்லை."

அப்படி நாங்கள் பேசாமல் நின்று தூசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தைக் கூட்டினால் என் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி வரும். பிள்ளைகளுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளக்கச் சிரமப்பட்டது இதனால்தான்.

ஜோய்ஸின் குணத்தை நான் முழுதாக அறிந்தது என் மச்சாள் வசந்தி வந்த நாளில். வசந்தி சுகந்தியின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தடவையாக வந்தாள். அன்று எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் பரிசோதனை மேசையில் நிற்கிறேன். வரிசையின் கடைசியிலிருந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"அத்தான்! அத்தான்! இஞ்சை!"

சாப்பாடு, செடி, விதை கொண்டுவருகிறீர்களா என்று பயணிகளிடம் கேட்கிற அட்டையில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் நிக்கிறியள்தானே அத்தான். பிறகேன் எழுதுவான்?"

எங்கள் உறவினரின் பெட்டியை நாங்கள் தொடக்கூடாது. ஜோய்ஸைக் கூப்பிட்டேன். முகம் சிவந்திருந்தது என்று சொல்லலாம், என் நிறத்தில் அது தெரிந்தால். ஜோய்ஸ் வந்தார். அட்டையைப் பார்த்தார். வசந்தியைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொன்னார்.

"நீங்கள் களைச்சுப்போனியள். களைப்பில எழுதினது சில நேரம் பிழைக்கும். ஒருக்கா யோசிச்சு, திரும்ப எழுதுறியளோ?"

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் திருத்தி எழுதினாள். பெட்டி திறந்தது. கருவாடு வந்தது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா வந்தது. அதற்கடியில், சேலைகளுக்குள் பிள்ளையைப் போலச் சுற்றி வைத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் வந்தன. அந்த வாசம் மேசை முழுக்கப் பரவியது. ஜோய்ஸ் கருவாட்டை முகர்ந்து, புரட்டிப் பார்த்து, மீன்தானே, போகலாம் என்றார். மாவுக்கும் தலையாட்டினார். மாம்பழத்தைக் கையில் எடுத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல பழமோ, சிவா?"

"உலகத்திலேயே நல்ல பழம், ஜோய்ஸ்."

"அப்ப உமக்குக் கவலையாத்தான் இருக்கும்," என்று சொல்லி, மிக மரியாதையாக, ஒன்றன் மேல் ஒன்று விழாதபடி, குப்பைத் தொட்டிக்குள் வைத்தார்.

கருவாடு தப்பியதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒருவரும் பேசுவதில்லை. மாம்பழத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன்.

நான் அப்போது மேற்குப் புறக் கிடங்குகளில் சரக்குப் பரிசோதனையில் இருந்தேன். ஜோய்ஸும் அங்கே மேற்பார்வையாளராக மாறி வந்திருந்தார். நகரத்துச் சிறிய கலைக்கூடம் ஒன்றுக்குக் கனடாவிலிருந்து பெரிய மரப் பெட்டிகள் வந்திருந்தன. பத்திரத்தில் 'கலவை ஊடகக் கலைப்படைப்பு' என்று இருந்தது. இந்தச் சொல்லைக் கண்டால் நான் முதலில் கையுறையை மாட்டுவேன். என் அனுபவத்தில், எதைக் கலந்தோம் என்று சொல்ல விருப்பமில்லாதவர்கள்தான் அப்படி எழுதுவார்கள்.

முதல் பெட்டியில் ஓவியங்கள். கோதுமை மா வந்த பழைய மாச்சாக்குத் துணியில் வரைந்தவை. பெண்கள் துணி துவைக்கிறார்கள். முயலின் தோலை உரிக்கிறார்கள். ஒரு குடும்பம் யாருடைய வயலிலோ குனிந்து கல் பொறுக்குகிறது. சின்னக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒருவர் பிடில் வாசிக்க, இடமில்லாமல் இடித்துக்கொண்டு எல்லோரும் ஆடுகிறார்கள். இரண்டாவது பெட்டியில் புகையில் பதப்படுத்திய மூஸ் மான் தோலில் தைத்த ஒரு மேற்சட்டை. அதில் கண்ணாடி மணிகளால் பூவும் கொடியும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சில நாட்கள் கடுங்குளிரில் வைத்தால் போதும்.

மூன்றாவது பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரும்புச் சட்டத்துக்குள் ஒரு மண் சுவர் நின்றது.

ஒரு கதவளவு இருக்கும். களிமண்ணும் வைக்கோலும் குழைத்து, மேலே பலமுறை வெள்ளை பூசிய உண்மையான வீட்டுச் சுவர். எங்கள் சட்டத்தில் மண்ணைப் போல ஆகாத பொருள் வேறில்லை. அதற்குள் என்னென்ன கிருமி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கலைக்கூடத்துக்காரர்கள் சுட்ட மட்பாண்டம் போல இதுவும் என்று நினைத்து அனுமதி எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

வெள்ளைத் தட்டை வைத்து இரும்புச் சட்டத்தை மெதுவாகத் தட்டினேன். வைக்கோல் தூசி விழுந்தது. கூடவே நீள்வட்டமாய், பழுப்பாய், நடுவில் கோடு விழுந்த ஒன்று. கூட்டுப்புழு! எனக்கு அப்போது ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. போகும்போது நாட்டைக் காப்பாற்றிவிட்டுப் போகிறேன் என்றே நினைத்தேன். பொறுத்திருந்து பார்க்கச் சொல்லித் தந்த ஜோய்ஸை நினைக்கவில்லை. கிடங்கின் அந்தப் பகுதியை மூட வைத்தேன். வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பூச்சியியல் நிபுணரை அழைத்தேன். அவர் வந்து, அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"இது பார்லி," என்றார்.

"விதையோ?"

"இல்லை. அவிச்ச பார்லி. சூப்பில போடுறது."

ஜோய்ஸ் சாண்ட்விச்சைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கடிப்பதை நிறுத்தினார்.

பார்லி செத்துப்போனாலும் சட்டம் உயிரோடு இருந்தது. மண் மண்தான். வைக்கோலில் புல் விதைகளும் இருந்தன. அடுத்த நாள் ஓவியரை வரச் சொன்னோம். கண்காட்சிக்காக அவர் ஏற்கெனவே மெல்பேர்னுக்கு வந்திருந்தார். கனடாவின் ஆதிக்குடி மரபில் வந்த பெண் ஓவியர் என்றதும் நான் மனதுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். அதில் இறகெல்லாம் இருந்தது. என்னைப் பார்த்து யாராவது 'உங்கள் ஊரில் யானையிலா பள்ளிக்கூடம் போவீர்கள்' என்று கேட்டால் இரண்டு நாள் கோபத்தோடு திரிகிற அதே ஆள்தான் நான். வந்தவர் ஜீன்ஸும் பெரிய சப்பாத்தும் போட்டு, நரைத்த பின்னலோடு, கையில் காப்பிக் கோப்பையோடு இருந்தார். அறுபது தாண்டிய வயது. பெயர் லொரெட்டா.

என் சீருடையைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"கடைசியா இந்தக் குசினிக்குச் சீருடையோட வந்தவர் கையில மண்ணெண்ணை வச்சிருந்தவர்," என்றார்.

ஜோய்ஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். லொரெட்டா இருக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்.

அவருடைய மக்களுக்கு மெத்தி என்று பெயர். பல தலைமுறைக்கு முன், தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரரும் ஸ்கொட்லாந்துக்காரரும் கிறீ முதலான ஆதிக்குடிப் பெண்களை மணந்ததில் தோன்றி, தனக்கென்று மொழியும் இசையும் பூவேலையும் கொண்டு வளர்ந்த இனம். "பாதி அது, பாதி இது எண்டு சொல்லுவினம். நாங்கள் பாதியில்லை, முழுசு," என்றார். காணிகள் பறிபோன பிறகு அவர்கள், அரசாங்கம் வீதி போடுவதற்கென்று ஒதுக்கி வைத்த ஒடுங்கிய நிலத்தில், வேலிக்கும் வீதிக்கும் நடுவில் வீடு கட்டி இருந்தார்கள். விவசாயிகளுக்குக் கல் பொறுக்கினார்கள். பழம் பறித்தார்கள். ஒரு நாள் அதிகாரிகள் வந்து எல்லோரையும் லொறியில் ஏற்றினார்கள். வீதி திரும்பும்போது வீடுகள் எரிந்தன. அப்போது லொரெட்டாவுக்கு ஐந்து வயது.

"மரம் எரிஞ்சது. மண் எரியாதுதானே. இந்தச் சுவர் நிண்டது. பிறகு பக்கத்துக் காணிக்காரன் இதோட சேர்த்துக் கூரை போட்டு, கோழிக்கூடாக்கினவன். அதாலதான் மழையில கரையாமல் இருந்தது."

"கோழி," என்றேன் நான். கை தானாகவே எழுதியது. பறவைக் காய்ச்சல் பக்கம் தனியாக ஒரு விதிக்கோவை இருக்கிறது.

லொரெட்டா என் பேனாவைப் பார்த்தார். "ஓம், கோழி. அதையும் எழுதுங்கோ."

பிறகு அவர் சுவரில் கைவைத்து, இது எங்கள் 'லா குவிசின்' என்றார். அவர்களுடைய மிச்சிஃப் மொழியில் சமையலறைக்கு அதுதான் சொல்.

"குசினி," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் திரும்பினார். "மிச்சிஃப் தெரியுமோ?"

"இல்லை. எங்கட தமிழிலயும் அதுதான். போர்த்துக்கீசர் விட்டிட்டுப் போன சொல்."

"எங்களிட்டைப் பிரெஞ்சுக்காரர் விட்டிட்டுப் போனது." கொஞ்சம் யோசித்தார். "குசினியை எங்களுக்குத் தந்தவை, அப்ப தாங்கள் எங்கை சமைச்சவை?"

முதல் தடவையாகச் சிரித்தார். ஜோய்ஸும் சிரித்தார். நான் எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்து, நடைமுறைகளை விளக்கத் தொடங்கினேன். எப்போதும் நான் செய்கிற பிழை இது.

மண்ணுக்கு வழி இரண்டுதான். ஒன்று, கடும் வெப்பத்தில் வைப்பது. வைத்தால் இந்தச் சுவர் வெடித்து உதிரும். மற்றது, காமா கதிர் பாய்ச்சுவது. சுவருக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கிற உயிர்கள் மட்டும் சாகும். அப்படியானால் காமாதான் என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, லொரெட்டா குனிந்து சுவரின் கீழ் மூலையைக் காட்டினார்.

"இதுக்கு?"

சிறுபிள்ளையின் உயரத்தில், வெள்ளைப் பூச்சுக்குள் மங்கலாக, கண்ணாடி மணிகள் பதிந்திருந்தன. நீலம், வெள்ளை, ரோஜா நிறம், பச்சை. ஐந்து இதழ்ப் பூ ஒன்று, ஒரு கொடி, இரண்டு இலை. முதல் நாள் முழுக்க நான் பார்லியைக் காவல் காத்துக்கொண்டிருந்ததில் இதைக் காணவேயில்லை.

கண்ணாடிக்குள் காமா கதிர் போனால் கண்ணாடி நிறம் மாறும். பழுப்பாகும். பாய்ச்ச வேண்டிய அளவு அப்படி. அதைச் சொன்னேன். லொரெட்டா அந்த மூலைக்கு முன்னால் குந்தினார். காப்பிக் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. சுகந்தி கேட்டாள், சொன்னேன்.

"அந்த மனிசி அவ்வளவு தூரத்தில இருந்து கொண்டுவந்திருக்கிறா. ஒருவழியும் இல்லையோ?"

"சட்டம் இருக்கு."

"சட்டத்தை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருசமா அதோடதானே குடும்பம் நடத்துறன். வழியைக் கேட்டனான்."

வழி எனக்குக் குளிக்கும்போது கிடைத்தது. கதிர் பாய்ச்சுவதற்கு முன்னால் மணிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது. கழுவினால் வெறும் கண்ணாடி, சட்டத்தில் தடையில்லை. சுவர் திரும்பி வந்ததும் அதே குழிகளில் திரும்பப் பதிக்கலாம். ஈரத்தோடு ஓடிவந்து ஜோய்ஸை அழைத்தேன். நல்ல யோசனை என்றார். அடுத்த நாள் நான் பல் வைத்தியரைப் போலப் போனேன். நுனி மெல்லிய இடுக்கிகள், பஞ்சு, தூரிகை, மணிகளை நிறம் நிறமாக வைக்கக் குழித்தட்டு, எது எங்கே இருந்ததென்று காட்டப் பெரிதாக எடுத்த நிழற்படம். மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு லொரெட்டாவைப் பார்த்தேன். அவர் அழுவார், என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன் என்பதை மறைத்து என்ன பயன்?

"அக்காவைக் கேக்க வேணும்," என்றார்.

அக்கா டெல்ஃபின் கனடாவின் சஸ்காச்சுவானில் இருந்தார். எங்களுக்குக் காலை, அவருக்கு முதல் நாள் பின்னேரம். ஒலிபெருக்கியில் போட்டார். கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கிழவியின் குரல் நிறைந்தது. லொரெட்டா எல்லாவற்றையும் விளக்கினார். டெல்ஃபின் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்ன கதை இதுதான்.

அவர்களுடைய அம்மா பட்டணத்துக்காரருக்கு மணிவேலை செய்து விற்பவர். மணி அவருக்குத் தங்கம் மாதிரி. ஒரு வருடம் குளிருக்கு முன்னால் சுவருக்கு மண் பூசும்போது டெல்ஃபினும் தம்பியும் அம்மாவின் மணிப்பெட்டியைக் களவாக எடுத்து ஈரச் சுவரில் பதித்துவிட்டார்கள். அம்மா கண்டார். வீடே அதிர்ந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு தோண்ட வந்தார். வந்து, சுவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிறகு?" என்று கேட்டது நான்தான். எனக்கு அங்கே பேச உரிமையில்லை.

"இதென்ன பூ, நாலு இதழோட எண்டு ஏசினவ. ஏசிக்கொண்டே அஞ்சாவது இதழைத் தானே பதிச்சவ. கொடியும் இலையும் அவவின்ர வேலை." பிறகு குரலை உயர்த்தினார். "அம்மாவே தோண்டாமல் விட்டது. இவர் தோண்டப்போறாரோ?"

நான் இடுக்கியை மேசையில் வைத்தேன். அதுவரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

"அப்ப திருப்பி அனுப்பலாம், அக்கா. ஒண்டும் செய்யாமல் அப்பிடியே வரும்," என்றார் லொரெட்டா.

"அவ்வளவு தூரம் போன சுவர், வாசல்ல நிண்டிட்டுத் திரும்பி வாறதோ? உள்ளை விடச் சொல்லு. நிறம் போனால் போகட்டும். நாங்கள் மட்டும் அப்பிடியேவோ இருக்கிறம்?"

வெயிலில் வைத்தால் வருடக்கணக்கில் நிறம் கொஞ்சம் திரும்பலாம் என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இங்கே வெயில் வருடத்துக்கு ஆறு கிழமைதான், மெதுவாகப் பார்ப்போம் என்றார் டெல்ஃபின்.

லொரெட்டா சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். அவர் போன பிறகு நான் இடுக்கிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். ஜோய்ஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல யோசனைதான், சிவா. சுவர் எங்களுடையது எண்டால் செய்திருக்கலாம்."

கதிர் பாய்ச்சி, சுவர் திரும்பி வந்த நாளில் பெட்டியை நான்தான் திறந்தேன். லொரெட்டா பக்கத்தில் நின்றார். மண்ணும் வைக்கோலும் வெள்ளைப் பூச்சும் போனபடியே இருந்தன. பூ மட்டும் மாறிவிட்டது. வெள்ளை மணிகள் பாலில்லாத சாயத் தேத்தண்ணி நிறம். நீலம் கறுத்த பழுப்பு. ரோஜா நிறம் எது, பச்சை எது என்று தெரியவில்லை. இப்படித்தான் ஆகும் என்று நானே சொல்லி வைத்திருந்தும், கண்ணால் கண்டபோது எனக்கே பகீரென்றது. அவர் விரலால் ஒவ்வொரு இதழாகத் தடவினார். நெடுநேரம்.

"டெல்ஃபினுக்கு இதைப் படம் எடுத்து அனுப்பமாட்டன். நேரில காட்டுறன்," என்றார். குரல் உடைந்திருந்தது.

கடமை நேரத்தில் சொந்தக் கதை பேசக்கூடாது என்பது நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே விதி. அன்று அதையும் விட்டேன்.

"எங்கட குசினியும் எரிஞ்சதுதான். ஊரில."

"சுவர் நிண்டதோ?"

"பலகைச் சுவர். ஒண்டும் நிக்கேல்லை."

அவர் என் நீலக் கையுறையின் மேல் கையை வைத்தார். ஜோய்ஸ் தூரத்தில் எதையோ தேடுவதுபோல் நின்றார். அவர் எதையும் தொலைக்கிறவர் இல்லை.

கண்காட்சித் திறப்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம். சுகந்தியோடு போனேன். சுவருக்கு முன்னால் வட்டக் கண்ணாடி போட்ட ஒருவர், நான் ஒன்றும் அறியாதவன் என்று முடிவெடுத்து, மணிகள் ஏன் பழுப்பு நிறம் என்று எனக்கு விளக்கினார். மறதியின் நிறமாம். மண்ணுக்குத் திரும்பும் ஞாபகமாம். ஓவியர் எத்தனை சோதனை செய்து இந்தப் பழுப்பை அடைந்திருப்பார் என்று வியந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சுகந்தி என் விலாவில் இடித்தாள்.

"சொல்லுங்கோவன், நீங்கள்தான் செய்தனியள் எண்டு."

"சும்மா இரும்."

லொரெட்டா எங்களைக் கண்டு வந்தார். சுகந்தியைக் கட்டிப்பிடித்தார். பிறகு எங்களை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். துணி துவைக்கிற படம், கல் பொறுக்குகிற படம், பிடில் வாசிக்கிற படம் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு சின்னப் படம். மெல்பேர்னில் இருந்த கிழமைகளில் வரைந்தது. இங்கே மாச்சாக்குத் துணி கிடைக்காமல், இந்தியக் கடையில் பாஸ்மதி அரிசி வாங்கி, அந்தத் துணிப் பையை வெட்டி அதில் வரைந்திருக்கிறார்.

படத்தில் அந்தக் குசினிச் சுவர். மணிகள் அதில் நீலமும் வெள்ளையும் ரோஜாவும் பச்சையுமாகவே இருந்தன. சுவருக்கு முன்னால் முழங்காலில் ஒரு வழுக்கைத் தலை மனிதர், கையில் இடுக்கி, வாய் திறந்தபடி. பின்னால் கழுத்தில் கண்ணாடி தொங்க ஒரு பெண், சாண்ட்விச்சோடு. மேசையில் ஒரு தொலைபேசி. கீழே சிறிய எழுத்தில் தலைப்பு: 'குசினிக்கு வந்தவர்கள்'.

நான் என் வழுக்கையைத் தடவிப் பார்த்தேன். சுகந்தி கிட்டப் போய்ப் பார்த்தாள். தூரப் போய்ப் பார்த்தாள்.

"வயிறு அப்பிடியே இருக்கு," என்றாள்.

அதை வாங்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். லொரெட்டா இல்லையென்று தலையை ஆட்டினார். அது டெல்ஃபினுக்கு. அவருடைய வீட்டுக் குசினியில் மாட்டுவதற்கு.

நிவேதாவின் செஷன் முடிவில் இதைச் சொன்னபோது, விழித்திருந்தவர்களில் ஒருவர் கையை உயர்த்தி, இதில் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டார். பெட்டிகள் திரும்பிப் போன கதையைச் சொன்னேன். கண்காட்சி முடிந்து எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினார்கள். கனடாவின் எல்லையிலும் எங்களைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். சுவரையும் படங்களையும் அவர்கள் நிறுத்தி வைத்திருந்தார்களாம். லொரெட்டா செய்தி அனுப்பியிருந்தார். அரிசிப் பை என்று எழுதியிருந்ததால் அந்தச் சின்னப் படத்தை மட்டும் தனியாக எடுத்து, ஒரு அதிகாரி வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாராம். என் வயிற்றையும் வழுக்கையையும் திறந்த வாயையும் அவர் பார்த்திருப்பார். இதோடு யார் யார் வந்திருக்கிறார்கள் என்றும் யோசித்திருப்பார்.

பிறகு, உள்ளே போகலாம் என்று விட்டுவிட்டாராம்.